கூப்பிட ஆள் இருந்தா வருவாங்க

போன இதழ்ல 'இந்தக் காலத்து பசங்களுக்கு பொது விஷயத்துல அக்கறை இருக்கா'ன்னு ஒரு வாசகர் கேட்டதுக்கு நாலு வரியில பதில் எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அதுக்கு வந்த கடிதங்களைப் படிச்சப்புறம்தான் நாலு வரி பத்தவே பத்தாதுன்னு தெரிஞ்சுது. பெத்தவங்க எழுதியிருக்கீங்க, காலேஜ் பசங்க எழுதியிருக்கீங்க, ஒரு டீச்சர் மூணு பக்கம் எழுதியிருக்காங்க. அதனால இந்தத் தடவை பகுதி முழுக்க இது ஒண்ணுதான். பேர் போட வேண்டாம்னு பல பேர் கேட்டுக்கிட்டதால யார் பேரும் போடல.

கேள்வி: மேடம், என் பையனுக்கு 20 வயசு. 18 முடிஞ்சு முதல் தேர்தல் வந்தப்ப எனக்கு முன்னாடி கிளம்பி நின்னான். இப்ப வெளியூர்ல தங்கிப் படிக்கிறான். இந்தத் தடவை ஓட்டு போட வரவே இல்ல. கேட்டா "என் ஒரு ஓட்டால என்னப்பா ஆகப்போகுது"ங்கறான். வீட்டுல இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தான். சேர்க்கை சரியில்லையா?

சார், மொதல்ல பையன் மேல இருக்கற கோவத்தை கொஞ்சம் இறக்கி வைங்க. நீங்க சொல்றது உங்க வீட்டுல மட்டும் நடக்கற கதை இல்ல. டென்மார்க்ல பட்டி, ஹான்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2012ல ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினாங்க. வயசு ஏற ஏற ஓட்டு போடறவங்க எண்ணிக்கையும் ஏறும்னுதான நாம எல்லாம் நினைச்சுட்டு இருக்கோம், ஆனா அங்க 18 வயசு பசங்க 19, 20 வயசுக்காரங்களை விட அதிகமா ஓட்டு போட்டிருக்காங்க, பதினெட்டைத் தாண்டினதும் கொஞ்ச வருஷத்துக்கு இறங்கிட்டே போயி அப்புறம்தான் திரும்ப ஏறுது. ஏன்னு பார்த்தா, 18ல பல பேர் அப்பா அம்மா கூட இருக்காங்க. அப்புறம் வீட்டை விட்டு வெளிய போறாங்க. வீட்டுல இருக்கற வரைக்கும் பெத்தவங்க ஓட்டு போடறாங்களாங்கறதுதான் பெருசா வேலை செய்யுது, வெளிய போனதும் அந்தப் பிடி தளர்ந்து கூட இருக்கற ஆளுங்க கைக்குப் போயிடுது.

உங்க பையன் 18ல ஓட்டு போட்டதுல பாதி அவனோடது, பாதி உங்களோடது. அன்னிக்கு காலையில நீங்க குளிச்சு ரெடியாகறதைப் பார்த்து அவனும் சட்டை மாட்டினான். இப்ப அவன் ரூம்ல அந்த நாள் காலையில எழுந்து சட்டை மாட்டற ஆள் யாரும் இல்ல, எல்லாரும் லீவுன்னு தூங்கறாங்க, அவ்வளவுதான் விஷயம். "ஒரு ஓட்டால என்ன ஆகும்"ங்கறது போகாததுக்கு அப்புறம் தேடிப் புடிச்ச காரணமாத்தான் எனக்குப் படுது.

ஒரே வீட்டுல இருக்கறவங்க ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு இழுக்கறாங்கன்னு 2002ல அமெரிக்காவுல டென்வர், மினியாபொலிஸ் ரெண்டு ஊர்லயும் டேவிட் நிக்கர்சன் சோதனை பண்ணிப் பார்த்தாரு. ரெண்டு வாக்காளர் இருக்கற வீடா பார்த்து கதவைத் தட்டி, திறந்தவங்க கிட்ட மட்டும் "ஓட்டு போடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தாங்க. வேற சில வீடுகள்ல ஓட்டைப் பத்தி பேசாம குப்பை மறுசுழற்சியைப் பத்தி பேசிட்டு வந்தாங்க, ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக. கதவு திறந்தவங்க கிட்ட வந்த மாற்றத்துல சுமார் 60 சதவீதம், அந்தப் பேச்சையே கேக்காத இன்னொருத்தருக்கும் போய் சேர்ந்திருந்துச்சு. உள்ள ரூம்ல இருந்த ஆளுக்கு!

அதனால அவனுக்கு நீங்க அட்வைஸ் பண்றதை விட, அவன் ரூம்மேட்ஸ்ல யாராவது ஒருத்தரு கூட சேர்ந்து அடுத்த தடவை கிளம்ப வழி பண்ண முடியுமான்னு பாருங்க. பேர் பழைய அட்ரஸ்ல இருக்கா, மாத்தணுமா, கடைசி தேதி என்னன்னு கூட உக்காந்து பார்த்துக் குடுங்க, இந்த வயசுல பாதி பேர் தடுக்கி விழறது இந்த ஃபார்ம் வேலையிலதான். ஒரு தடவை போட்டவங்க அடுத்த தடவையும் போடறதுக்கு வாய்ப்பு கூடுதுன்னு பல ஆராய்ச்சியில பார்த்தாச்சு, அது பழக்கம் மாதிரி ஒட்டிக்கும். அவனுக்கு ஒரு தடவை ஏற்கனவே ஒட்டியிருக்கு. அறுந்து போகல, நடுவுல ஒரு இடைவெளி, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, போன்ல பேசும்போது "சாப்பிட்டியா, படிச்சியா"வோட நிறுத்திடாதீங்க. 1965ல அமெரிக்காவுல பள்ளி கடைசி வருஷம் படிச்ச பசங்களையும் அவங்க அப்பா அம்மாவையும் பேட்டி எடுத்து, அதே பசங்களை 1973, 1982, 1997னு திரும்பத் திரும்ப தேடிப் போய் பேட்டி எடுத்தாங்க, கென்ட் ஜென்னிங்ஸ்னு ஒருத்தர் தலைமையில. பெத்தவங்க கிட்ட இருந்து பசங்களுக்கு அரசியல் பார்வை எந்த வீட்டுல நல்லா போய் சேர்ந்துச்சுன்னா, அடிக்கடி அதைப் பத்தி பேசின வீட்டுல, இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி பேசாத வீட்டுல. நீங்க ஏன் ஓட்டு போடறீங்க, எப்ப ஏமாந்தீங்க, ஏமாந்தும் ஏன் திரும்பப் போனீங்கன்னு அவன் கிட்ட என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா? சொல்லிப் பாருங்க.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் செகண்ட் இயர். ஏரி சுத்தம் பண்ற ஒரு குழுவுல சேர்ந்தேன். ஃப்ரெண்ட்ஸ் யாரையும் கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க. அஞ்சு வாரம் தனியா போனேன், ஆறாவது வாரம் அலாரத்தை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன். அப்ப எனக்கு உண்மையான கொள்கை உறுதி இல்லன்னுதானே அர்த்தம்?

இல்லம்மா, அப்படி அர்த்தம் இல்லவே இல்ல. இந்தக் கேள்வியை படிச்சதும் மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா நல்ல பசங்க நிறைய பேர் இப்படித்தான் தன்னையே குத்தம் சொல்லிட்டு ஒதுங்கிப் போயிடறாங்க.

உனக்கு ஒரு நிஜக் கதை சொல்றேன். 1964 கோடையில அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல, கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியல்ல சேர்க்கறதுக்காக வட மாநிலத்து காலேஜ் பசங்களை திரட்டினாங்க. உயிருக்கே ஆபத்தான வேலை. வேலை தொடங்கின ஜூன் மாசத்துலயே சேனி, குட்மேன், ஷ்வெர்னர்னு மூணு இளைஞர்களைக் கொன்னுட்டாங்க. போறேன்னு அப்ளிகேஷன் போட்டு தேர்வானவங்கள்ல 700க்கு மேல போனாங்க, 200க்கு மேல கடைசி நேரத்துல போகல. பல வருஷம் கழிச்சு டக் மெக்காடம்ங்கற சமூகவியலாளருக்கு அந்த அப்ளிகேஷன் எல்லாம் கைக்குக் கிடைச்சுது, போனவங்க ஃபார்ம் மட்டும் இல்ல, போகாதவங்க ஃபார்மும்!

ரெண்டு குவியலையும் அவர் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்திருக்காரு. ஏன் வரணும்னு நினைக்கறீங்கன்னு ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு ரெண்டு பக்கமும் எழுதின பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கொள்கையில குறை இல்ல, ஆர்வத்துல குறை இல்ல. பெருசா வித்தியாசப்பட்டது எதுலன்னா, அதே ஃபார்ம்ல 'நீங்க வர்றது யாருக்கு தெரியணும்'னு கேட்டு பேர் எழுதச் சொல்லியிருந்தாங்க, போனவங்க எழுதின பேர்கள்ல தன்னை மாதிரியே கிளம்பற இன்னொருத்தர் பேர் அதிகமா இருந்துச்சு. அதாவது 'அவ போறா, அவளுக்கு நான் வரேன்னு தெரியும், நான் பின்வாங்கினா அவளுக்குத் தெரிஞ்சிடும்'. இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வேலைகள்ல இருந்த அனுபவமும் அவங்களுக்கு கூட இருந்துச்சு. 20 வருஷம் கழிச்சு அதே ஆளுங்களைத் தேடிப் பார்த்தப்ப, போனவங்க போகாதவங்களை விட பொதுவேலையில அதிகமா இருந்தாங்க, அன்னிக்கு கிடைச்ச சிநேகிதங்களும் அதுல பங்கு.

அவ்வளவு பெரிய விஷயத்துக்கே கூட ஒரு ஆள் தேவைப்பட்டுச்சும்மா. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு எழுந்து ஏரிக்குப் போக உனக்கு ஒரு ஆள் வேணும்னா அதுல என்ன குறைச்சல்? உன் ஃப்ரெண்ட்ஸ் வரலன்னா விட்டுடு, இழுத்துட்டு இருக்காத. அந்தக் குழுவுக்குள்ளயே ஒரு ஆளைப் பிடி. உன் வீட்டுப் பக்கம் இருந்து வர்றவங்க யாருன்னு கேளு, "நாளைக்கு நீங்க கிளம்பும்போது எனக்கு போன் பண்ணுங்க அக்கா"ன்னு சொல்லு. அலாரத்தை ஆஃப் பண்ற மாதிரி போனை ஆஃப் பண்ண முடியாது பாரு.

கேள்வி: 16 வயசுலயே ஓட்டுரிமை குடுத்தா விளையாட்டுத்தனமா இருக்காதா?

ஆஸ்திரியா 2007ல குடுத்துடுச்சு, எல்லா தேர்தலுக்கும். அங்க 16, 17 வயசுக்காரங்க ஓட்டு போட்ட விகிதம் 18-ல இருந்து 20 வயசுக்காரங்களை விட அதிகம்னு வியன்னா, கிரெம்ஸ் நகரத் தேர்தல் பதிவேட்டை வச்சு பார்த்திருக்காங்க. காரணம் மேல டென்மார்க் கதையில சொன்னதேதான், வீடும் ஸ்கூலும் கூட இருக்கற வயசு. பிரேசில்ல 1988ல இருந்தே 16, 17க்கு விருப்பப்பட்டா போடலாம். முதல் ஓட்டு தனியா ஒரு புது ஊர்ல திண்டாடற வயசுல வர்றதை விட, பழகின இடத்துல வர்றது நல்லதுன்னுதான் எனக்கும் தோணுது.

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. எங்க பள்ளியில மாணவர் பேரவை இருக்கு, தேர்தல் வைக்கறோம், பதவியேற்பு கூட நடத்தறோம். ஆனா பசங்க கிட்ட பொதுப் பொறுப்பு வந்த மாதிரி தெரியல. எங்க தப்பு?

டீச்சர், உங்க கடிதத்துல நீங்களே ஒரு இடத்துல பதிலை எழுதிட்டீங்க, கவனிச்சீங்களான்னு தெரியல. "பேரவை கூட்டத்துல பசங்க கேக்கறதை நாங்க குறிச்சுக்குவோம், ஆனா முடிவு ஏற்கனவே எடுத்திருப்போம்"னு எழுதியிருக்கீங்க. பசங்களுக்கு இது தெரியாம இருக்கும்னா நினைக்கறீங்க?

கொஞ்ச நாள் முன்னாடி குடியிருப்போர் சங்கக் கூட்டம் ஒண்ணுல உக்காந்திருந்தேன். மைதானத்துல ஒரு பகுதியை வண்டி நிறுத்தற இடமா மாத்தலாமான்னு பேச்சு. பத்து பதினஞ்சு பசங்க, அங்க தினம் விளையாடறவங்க, அவங்கதான் நாற்காலி எல்லாம் போட்டாங்க, மைக் வயரை இழுத்துக் கட்டினாங்க, எல்லாருக்கும் தண்ணி குடுத்தாங்க. ரெண்டு மணி நேரம் பெரியவங்க பேசினோம். பின்னாடி செவுத்துல சாஞ்சு நின்ன ஒரு பொண்ணு, பதினாலு வயசு இருக்கும், ரெண்டு தடவை கையைத் தூக்கிச்சு. முதல் தடவை யாரும் பாக்கல. ரெண்டாவது தடவை தலைவர் பார்த்துட்டு "இரும்மா, பெரியவங்க பேசி முடிக்கட்டும்"னாரு. பேசி முடிச்சதும் கூட்டமே முடிஞ்சுடுச்சு. அந்தப் பொண்ணு நாற்காலியை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டு இருந்துச்சு. நானும் அன்னிக்கு எழுந்து 'அந்தப் பொண்ணு ஏதோ சொல்லணும்ங்குது'ன்னு சொல்லல, அது இன்னும் உறுத்துது எனக்கு.

ரோஜர் ஹார்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1992ல யுனிசெஃப்க்காக இதை ஒரு ஏணி மாதிரி வரைஞ்சாரு, எட்டுப் படி. கீழ்ப் படி மூணும் பங்கேற்பே கிடையாதுங்கறாரு, பசங்களை நம்ம காரியத்துக்கு பயன்படுத்திக்கறது, அலங்காரமா நிக்க வைக்கறது, பேருக்கு உக்கார வைக்கறது. மேல போகப் போக பசங்க கிட்ட விவரம் சொல்லி கருத்து கேக்கறது, அவங்களே ஆரம்பிக்கறது, பெரியவங்களோட சேர்ந்து முடிவெடுக்கறதுன்னு வரும். உங்க பேரவை எந்தப் படியில நிக்குதுன்னு நீங்களே பாத்துக்கலாம். ஐ.நா.வோட 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலயே 12வது பிரிவு, தன்னைப் பாதிக்கற விஷயத்துல குழந்தைக்கு கருத்து சொல்ற உரிமை இருக்கு, வயசுக்கும் முதிர்ச்சிக்கும் தகுந்த மதிப்பு அதுக்குத் தரணும்னு சொல்லுது.

பெருசா ஒண்ணும் பண்ண வேணாம் டீச்சர். ஒரே ஒரு விஷயத்தை நிஜமாவே அவங்க கையில குடுங்க. லைப்ரரிக்கு இந்த வருஷம் என்ன புத்தகம் வாங்கறது, விளையாட்டு நேரத்தை எப்படி பிரிக்கறது, அந்த மாதிரி. தப்பா முடிவெடுத்தா அந்தத் தப்போட ஒரு வருஷம் இருக்கட்டும், நடுவுல பூந்து மாத்தாதீங்க. அப்புறம் உங்க கிளாஸ்ரூம். 1999ல 28 நாட்டுல 14 வயசு பசங்க கிட்ட பெரிய ஆய்வு பண்ணாங்க, ஜூடித் டோர்னி-புர்டா அதுக்கு தலைமை. வகுப்புல பயமில்லாம மாத்துக் கருத்து பேசலாம்ங்கற நிலைமை இருக்கற பசங்களுக்கு விஷயமும் அதிகம் தெரியுது, வளர்ந்தப்புறம் ஓட்டு போடுவேன்னும் அதிகமா சொல்றாங்க. டேவிட் கேம்ப்பெல்ங்கறவரு நான் மேல சொன்ன அந்த 1965 பசங்க விவரத்தையே வேற மாதிரி பார்த்தாரு, ஒருத்தர் படிச்ச பள்ளியில 'இதெல்லாம் நம்ம கடமை'ங்கற நினைப்பு பொதுவா பரவியிருந்தா, அதோட பலன் 15 வருஷம் கழிச்சும் தெரியுதுன்னு. உங்க கிட்ட படிக்கற பொண்ணு ஒருத்தி முப்பது வயசுக்கு மேல ஒரு வார்டு கூட்டத்துல எழுந்து நிக்கறதும் நிக்காததும் இப்ப உங்க வகுப்புல அவ கை தூக்கினப்ப என்ன நடந்துச்சுங்கறதுலயும் இருக்கு.

கேள்வி: போன்ல ஷேர் பண்றது, பெட்டிஷன்ல கையெழுத்து போடறது எல்லாம் சும்மா டைம்பாஸ்தானே?

எல்லாமே அப்படி இல்ல. 2010ல அமெரிக்கத் தேர்தல் அன்னிக்கு ஃபேஸ்புக் சுமார் 6 கோடி பேருக்கு 'ஓட்டு போடுங்க'ன்னு ஒரு செய்தி காட்டுச்சு. சிலருக்கு வெறும் தகவல், சிலருக்கு ஓட்டு போட்டாச்சுன்னு சொன்ன நண்பர்களோட முகமும் சேர்த்து. வெறும் தகவல் ஒரு ஆளையும் நகர்த்தின மாதிரி தெரியல, முகத்தோட வந்தது கொஞ்சம் நகர்த்துச்சு, அதுலயும் நேர்ல நெருக்கமா பழகற நண்பர்கள் மூலமாதான் அதிகம் பரவுச்சு. நீங்க ஷேர் பண்றது உங்களை நேர்ல தெரிஞ்ச பத்து பேருக்குப் போய், அதுல ரெண்டு பேருக்கு நீங்க தனியா மெசேஜ் போட்டு "வர்றியா"ன்னு கேட்டா அது வேலை.

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயசு. சின்ன வயசுல எங்கப்பா எந்த ஆபீஸுக்குப் போனாலும் திட்டு வாங்கிட்டுதான் வருவாரு. "நமக்கெதுக்கு வம்பு"ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தாங்க. இப்ப எங்க தெருவுல ஒரு பிரச்சனை, எல்லாரும் மனு குடுக்கலாம்ங்கறாங்க, எனக்கு கை நடுங்குது. 11 வயசுல பொண்ணு இருக்கா, அவளும் என்னை மாதிரியே ஆயிடுவாளோன்னு பயமா இருக்கு. இனிமே நான் மாற முடியுமா?

முடியும்மா. உங்க நடுக்கம் கோழைத்தனம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது நீங்க கத்துக்கிட்ட பாடம். ஜோ சாஸ்னு ஒருத்தர் 1999ல எழுதின ஆய்வு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல அரசு உதவி வாங்கறவங்களை ரெண்டு வகையா பார்த்தாரு. ஒரு திட்டத்துல இருந்த அம்மாக்கள் எப்ப என்ன ஆகுமோன்னு அதிகாரிக்குப் பயந்துக்கிட்டே காத்துக் கிடக்கணும், இன்னொரு திட்டத்துல இருந்தவங்க கேட்டா ஓரளவு பதில் வரும். முதல் வகை அம்மாக்கள் அந்த ஒரு ஆபீஸை வச்சே மொத்த அரசாங்கமும் இப்படித்தான், நாம பேசி பிரயோஜனம் இல்லன்னு முடிவு பண்ணிட்டு எல்லாத்துல இருந்தும் ஒதுங்கிட்டாங்க. உங்கப்பா கத்துக்கிட்டது இதேதான், அவர் மேல தப்பு இல்ல.

ஆனா அதே அம்மாக்கள்ல சில பேரோட குழந்தைங்க ஹெட் ஸ்டார்ட்னு ஒரு பாலர் பள்ளித் திட்டத்துல இருந்தாங்க, அங்க பெத்தவங்க உக்காந்து முடிவெடுக்கற குழு உண்டு. அங்க போய் வந்தவங்களுக்கு அந்த விரக்தி குறைவா இருந்துச்சு. நம்ம பேச்சைக் கேக்கற ஒரு இடம் கிடைச்சாலே பழைய பாடம் கொஞ்சம் அழியுது.

வெர்பா, ஷ்லோஸ்மன், பிராடின்னு மூணு பேர் 1995ல, மக்கள் ஏன் பொதுவேலைக்கு வர்றதில்லன்னு பார்த்து மூணு காரணம் சொன்னாங்க. முடியல, பிடிக்கல, இல்லன்னா யாருமே கூப்பிடல. இந்த மூணாவதுதான் எனக்கு ரொம்ப நாளா மனசுல நிக்குது, ஏன்னா கூப்பிடறவங்க ஏற்கனவே படிச்ச, வசதியான, பேசத் தெரிஞ்சவங்களாப் பார்த்துதான் கூப்பிடறாங்க. உங்கப்பாவை யாரு கூப்பிட்டா?

என்னைக் கூப்பிட ஒருத்தங்க இருந்தாங்க. எனக்கு 13 வயசு, பக்கத்து வீட்டு அக்கா நோட்டும் பேனாவுமா வந்து "உன் கையெழுத்து குண்டு குண்டா அழகா இருக்குமே, வா, நான் சொல்லச் சொல்ல எழுது"ன்னாங்க. தெருவிளக்கு எரியலன்னு மனு. வீடு வீடா போய் கையெழுத்து வாங்கினோம், ஒரு பாட்டி கைநாட்டு வச்சாங்க, நான்தான் அவங்க கட்டைவிரலைப் பிடிச்சு அமுக்கினேன், என் விரல்லயும் மை. ஆபீஸ்ல அந்த ஆள் படிச்சுட்டு "யாரு எழுதினது"ன்னு கேட்டாரு, அக்கா என் தோள்ல கை வச்சு "இவதான்"னாங்க. விளக்கு எரிய ரெண்டு மாசம் ஆச்சு. எரிஞ்ச அன்னிக்கு ராத்திரி அந்த அக்கா என் வீட்டு ஜன்னலைத் தட்டி வெளிய கூப்பிட்டுக் காட்டினாங்க.

அதனால நீங்க மனு குடுக்க தனியா போக வேணாம், நாலு பேரா போங்க, முதல் தடவை பேச வேணாம், கூட நில்லுங்க போதும். எழுதற வேலையை கேட்டு வாங்கிக்கோங்க. உங்க பொண்ணையும் உக்கார வச்சு அவ கையால எழுதச் சொல்லுங்க, எழுத்துப்பிழை இருந்தா இருக்கட்டும். குடுக்கற அன்னிக்கு ஸ்கூல் லீவா இருந்தா அவளையும் கூட்டிட்டுப் போங்க, பதில் வந்தாலும் வராட்டியும் அவ கிட்ட என்ன ஆச்சுன்னு சொல்லிடுங்க. அப்புறம் எனக்கும் எழுதுங்க, என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும் எனக்கு.